டிரைவர் வெளியே, மற்றவை உள்ளே: கன்டெய்னர் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஜிபியூ (வரைகலைச் செயலி) பொருத்திய கணினி ஒன்றுதான் இருக்கிறது. வாழை இலையில் வரும் நோய்களைப் படங்களைக் கொண்டு கண்டறியும் ஆய்வில் இருக்கிறேன். என் சீனியர் எழுதிவைத்த நிரல் குடா என்ற ஜிபியூ மென்பொருளின் பழைய பதிப்பில்தான் ஓடுகிறது. எனக்கோ பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தின் புதிய பதிப்பு வேண்டும். ஒன்றை ஏற்றினால் மற்றொன்று கெட்டுப்போகிறது. டாக்கர் போட்டால் தீரும் என்கிறார்கள். டாக்கருக்குள்ளும் டிரைவர், குடா எல்லாவற்றையும் மறுபடியும் நிறுவ வேண்டுமா?
– ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தீரும். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஆகவே அதை முதலில் நேராக்கிக்கொள்வோம்.

நம் ஊர்ப் பக்கத்து வளவு வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே வாசல், உள்ளே வரிசையாகப் பத்து வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அடுப்பும் பாத்திரமும் பூட்டும் வீட்டுக்கு வீடு தனி. ஒரு வீட்டுச் சமையல் அடுத்த வீட்டைத் தொடாது. தண்ணீருக்கு மட்டும் எல்லாரும் அந்த ஒரே கிணற்றடிக்குத்தான் வர வேண்டும். நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் தனியே அடைத்து ஓட்ட டாக்கர் உருவாக்கும் கன்டெய்னர் என்பது அப்படிப்பட்ட வளவு வீடு. ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியாக ஓடும் வர்ச்சுவல் மெஷின் என்பது தனிக் கிணறு வெட்டிக்கொண்ட தனி வீடு. கன்டெய்னருக்கென்று தனிக் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, கிடையாது. அவற்றைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் லினக்ஸ் கர்னலையே எல்லாக் கன்டெய்னர்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஜிபியூவை இயக்கும் மென்பொருளான டிரைவர் அந்தக் கர்னலோடு ஒட்டிய பகுதி என்பதால், அது கிணற்றில் இறக்கிய மோட்டாரைப் போன்றது. வீட்டுக்கு வீடு மோட்டார் வைக்க வழியும் இல்லை, தேவையும் இல்லை.

எனவே டிரைவரை ஹோஸ்டில் ஒரே ஒரு முறை நிறுவுங்கள். கன்டெய்னருக்குள் ஒருபோதும் நிறுவாதீர்கள். குடா டூல்கிட், நரம்பியல் வலைக் கணக்குகளுக்கான குடிஎன்என் நூலகம், பைத்தான், பைடார்ச் ஆகிய எல்லாம் கன்டெய்னருக்குள் இருக்கட்டும். ஹோஸ்டில் குடா டூல்கிட் இருக்கவே வேண்டியதில்லை. இந்த இரண்டு பக்கத்தையும் இணைப்பது என்விடியா கன்டெய்னர் டூல்கிட் என்ற சிறிய மென்பொருள். கன்டெய்னர் தொடங்கும் நொடியில் ஜிபியூவின் சாதனக் கோப்புகளையும், டிரைவரோடு வந்த லிப்குடா போன்ற நூலகங்களையும் ஹோஸ்டிலிருந்து எடுத்து உள்ளே காட்டுவதுதான் அதன் வேலை. டாக்கர் 2013-இல் வெளியானது. ஜிபியூவுக்காக என்விடியா-டாக்கர் என்ற தனிக் கட்டளை 2016-இல் வந்தது. 2019-இல் டாக்கரின் 19.03 பதிப்பு ‘ஜிபியூஸ்’ என்ற விருப்பத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டி என்விடியா-டாக்கர் கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொன்னால், அது காலாவதியானது என்று ஒதுக்கிவிடலாம்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். புதிய டிரைவர் பழைய குடாவையும் ஓட்டும். பழைய டிரைவர் அதற்குப் பின்னால் வந்த பெரிய பதிப்பு குடாவை ஓட்டாது. லினக்ஸில் குடா 11 வரிசைக்கு 450.80.02, குடா 12 வரிசைக்கு 525.60.13 என்ற டிரைவர் எண்களாவது இருக்க வேண்டும். குடா 13-க்கு 580 வரிசை வேண்டும். ஆகவே உங்கள் ஜிபியூ கார்டு ஏற்கும் டிரைவர்களில் புதியதை ஹோஸ்டில் வைத்துவிட்டு, சீனியரின் நிரலுக்குக் குடா 11 உள்ள ஓர் இமேஜும் (கன்டெய்னர் தொடங்குவதற்கான அச்சு) உங்களுக்குக் குடா 12 உள்ள ஓர் இமேஜும் வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரே நேரத்தில்கூட ஓடும்.

கார்டின் நிலையைக் காட்டும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையைத் தந்தால் வலது மேல் மூலையில் ஒரு குடா எண் தெரியும். அதைப் பார்த்து, தம் கணினியில் அந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்பவர்கள் மிகுதி. அது நிறுவப்பட்ட எண்ணன்று. இந்த டிரைவர் எந்தப் பதிப்பு வரைக்கும் தாங்கும் என்பதைச் சொல்லும் எண். டூல்கிட்டே இல்லாத கணினியிலும் அது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைடார்ச்சைப் பிப் என்ற பைத்தான் நிறுவி வழியாக நிறுவினால் தனக்கு வேண்டிய குடா நூலகங்களை அதுவே கூட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் நிரல் பைடார்ச்சோடு நின்றுவிடுமானால், பெரிய குடா இமேஜ் இல்லாமல் சாதாரணப் பைத்தான் இமேஜிலிருந்தே தொடங்கலாம். சீனியரின் பழைய இமேஜை மட்டும் ஒரு கோப்பாக எடுத்து வன்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதரவுக் காலம் முடிந்த குடா இமேஜ்களை என்விடியா பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்குவது உண்டு.

கேள்வி: உபுண்டுவில் டாக்கர் நன்றாக ஓடுகிறது. ‘ஜிபியூஸ் ஆல்’ என்று சேர்த்தால் மட்டும், ஜிபியூ திறனுள்ள சாதன டிரைவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்ற பிழை வருகிறது. டிரைவரை இரண்டு முறை நீக்கி நிறுவிப் பார்த்துவிட்டேன்.
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: டிரைவரைப் பாவம் விட்டுவிடுங்கள்; அதன்மேல் குற்றமில்லை. அந்தச் செய்தியில் வரும் டிரைவர் என்ற சொல் கார்டின் டிரைவரைக் குறிக்கவில்லை. ஜிபியூவை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று டாக்கருக்குச் சொல்லித்தரும் ஆள் இல்லை என்பதே அதன் பொருள். கன்டெய்னர் டூல்கிட் நிறுவப்படவில்லை, அல்லது நிறுவியபின் டாக்கர் மறுதொடக்கம் செய்யப்படவில்லை.

முதலில் ஹோஸ்டில் என்விடியா-எஸ்எம்ஐ ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே ஓடாதது உள்ளே ஓடாது. பிறகு என்விடியாவின் களஞ்சியத்தைச் சேர்த்து என்விடியா-கன்டெய்னர்-டூல்கிட் தொகுப்பை நிறுவுங்கள். அதன்பின் ‘என்விடியா-சிடிகே ரன்டைம் கான்ஃபிகர்’ என்ற கட்டளையை டாக்கருக்கென்று குறிப்பிட்டு ஓட்டினால், டாக்கரின் டீமன்.ஜேசன் கோப்பில் வேண்டிய வரிகளை அதுவே எழுதிவிடும். முடிவில் டாக்கர் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இந்தக் கடைசிப் படியை மறப்பவர்களே அதிகம். சோதிப்பதற்கு வெறும் உபுண்டு இமேஜ் போதும். அதனுள் என்விடியா-எஸ்எம்ஐ ஓடிக் கார்டின் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது.

இத்தனையும் செய்து வரவில்லையென்றால், டாக்கரை எங்கிருந்து நிறுவினீர்கள் என்று பாருங்கள். உபுண்டுவின் ஸ்னாப் தொகுப்பு முறை வழியாக வந்த டாக்கர் தனக்கென ஒரு வேலிக்குள் இருப்பதால் டூல்கிட்டோடு ஒத்துப்போவதில் தொல்லை தருகிறது. லினக்ஸில் டாக்கர் டெஸ்க்டாப் போட்டிருந்தால் கன்டெய்னர்கள் ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுவதால் கார்டு அவற்றுக்குத் தெரியாது. இரண்டையும் நீக்கிவிட்டு, டாக்கரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து டாக்கர் எஞ்சினை நிறுவுங்கள்.

கேள்வி: முந்தாநாள் மாலை வரை மூன்று வாரமாக ஒழுங்காக ஓடியது. இரவு கரண்ட் போய் வந்தபின், டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்று என்விடியா-எஸ்எம்ஐ சொல்கிறது. நான் எதையும் தொடவில்லை. மின்னழுத்தத்தில் கார்டு எரிந்துவிட்டதா?
– திருநெல்வேலி டவுன் வாசகர்

பதில்: எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் எதையும் தொடவில்லை என்பதை நம்புகிறேன், உபுண்டுதான் தொட்டிருக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அது நம்மைக் கேட்காமலே இறக்கி வைக்கும். புதிய கர்னல் இறங்கினாலும் கணினி மறுபடி தொடங்கும் வரை பழைய கர்னலே ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் அணைக்காத உங்கள் கணினியை மின்வெட்டு அணைத்தது. திரும்ப எழுந்தபோது புதிய கர்னலோடு எழுந்தது. அந்தக் கர்னலுக்கு ஏற்றபடி டிரைவரின் மாட்யூல், அதாவது கர்னலுக்குள் ஏறும் பகுதி, கட்டப்பட்டிருக்கவில்லை. கிணறு புதிது, மோட்டார் பழைய கிணற்றின் அளவுக்கு உள்ளது.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஜிபியூ தெரிந்தால் நோய் இன்னதென்று உறுதியாகிவிடும். பிறகு புதிய கர்னலுக்கான ஹெடர் தொகுப்பை நிறுவி, ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ கட்டளையில் என்விடியா மாட்யூல் அந்தக் கர்னலுக்கும் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டப்பட்டும் ஏறவில்லையென்றால் செக்யூர் பூட் காரணமாக இருக்கலாம். கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று தோன்றி, சாவியைப் பதிவு செய்கிறாயா என்று கேட்கும். பத்து நொடியில் எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டால் அது போய்விடும். காபி எடுக்கப் போனவர்கள் அந்தத் திரையைப் பார்ப்பதே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நோயும் உண்டு. அதில் நானே ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். டிரைவரின் பதிப்பும் நூலகத்தின் பதிப்பும் பொருந்தவில்லை என்ற செய்தி வந்தது. டிரைவரை நீக்கினேன், நிறுவினேன், டாக்கரை நீக்கினேன், இமேஜ்களை எல்லாம் அழித்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு வெறுத்துப்போய்ப் படுத்துவிட்டேன். காலையில் கரண்ட் போய் வந்தது, கணினி தானாக எழுந்தது, எல்லாம் சரியாக ஓடியது. நடந்தது இதுதான்: டிரைவர் தொகுப்பு பின்னணியில் புதுப்பிக்கப்பட்டு, வட்டில் புதிய நூலகமும் மெமரியில் பழைய மாட்யூலுமாக நின்றிருந்தன. மறுதொடக்கமே எளிய மருந்து. அன்றிலிருந்து, நெடுநாள் பயிற்சி ஓடும் கணினிகளில் டிரைவர் தொகுப்பையும் கர்னலையும் ‘ஏபிடி-மார்க் ஹோல்டு’ போட்டு நிறுத்திவைத்து, மாதம் ஒருமுறை நானாக உட்கார்ந்து புதுப்பிக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரில் மட்டும் ஜிபியூ திடீரென்று மறைந்து, ஹோஸ்டில் நன்றாகத் தெரிகிறதென்றால் அது மூன்றாவது வகை. ஹோஸ்டில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ‘டீமன்-ரீலோடு’ செய்யும்போது, கன்டெய்னருக்குத் தரப்பட்ட சாதன அனுமதி அழிந்துபோவதால் இது வருகிறது. கன்டெய்னரை மறுபடி தொடங்கினால் திரும்ப வரும். ஜிபியூவின் சாதனக் கோப்புகளை ‘டிவைஸ்’ விருப்பத்தால் வெளிப்படையாகக் கொடுத்துத் தொடங்கினால் மறுபடி மறையாது.

மூன்று வகைக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள்: பயிற்சியின் இடைநிலைக் கோப்புகளைக் கன்டெய்னருக்குள் வைக்காமல், ஹோஸ்டின் கோப்புறை ஒன்றை உள்ளே இணைத்து அதில் எழுதச் செய்யுங்கள். கன்டெய்னரை நீக்கினால் அதனுள் எழுதியவையும் போய்விடும்.

கேள்வி: இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில், ஜிபியூ இருக்கிறதா என்று சோதிக்கும் வரி ஒன்றைச் சேர்த்தேன். இல்லை என்கிறது. அதே இமேஜை ஓட்டினால் இருக்கிறது என்கிறது. எதை நம்புவது?
– மேலப்பாளையம் வாசகி

பதில்: இரண்டுமே உண்மை. இமேஜ் கட்டும்போது சாதாரணமாக ஜிபியூ உள்ளே தெரியாது, ஓட்டும்போதுதான் தரப்படுகிறது. சோதனை வரியைக் கட்டுமானத்திலிருந்து எடுத்து, நிரலின் தொடக்கத்தில் வையுங்கள். குடா நிரலைக் கட்டும்போதே தொகுக்க வேண்டியிருந்தால் அதற்குக் கார்டு தேவையில்லை. எந்தத் தலைமுறைக் கார்டுக்காகத் தொகுக்கிறோம் என்ற எண்ணை மட்டும் நாமே தர வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள், ஆனால் இணையம் மட்டும் காற்றைப் போல வந்து போகிறது. பல ஜிபி அளவுள்ள இமேஜை இறக்க முடியவில்லை. நண்பர் ஒருவர் திருநெல்வேலியில் இறக்கித் தருவதாகச் சொல்கிறார். பென்டிரைவில் கொண்டுவர முடியுமா?
– பணகுடி வாசகர்

பதில்: முடியும். உங்கள் நண்பர் இமேஜை இறக்கியபின் ‘டாக்கர் சேவ்’ கட்டளையால் ஒற்றைக் கோப்பாக்கட்டும். நீங்கள் அதை ‘டாக்கர் லோடு’ கட்டளையால் ஏற்றிக்கொள்ளுங்கள். இதே போன்று தோற்றமளிக்கும் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையைப் பயன்படுத்திவிடாதீர்கள். அது கன்டெய்னரின் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இமேஜில் எழுதப்பட்ட சூழல் மாறிகளையும் தொடக்கக் கட்டளையையும் விட்டுவிடும். குடா இமேஜ்களில் ஜிபியூவைக் கேட்டுப் பெறும் குறிப்பே அந்தச் சூழல் மாறிகளில்தான் இருக்கிறது. பென்டிரைவைப் பற்றியும் ஒரு சொல்: ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் நண்பர் இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டிவரும்.

எதை இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். குடா இமேஜ்கள் பேஸ், ரன்டைம், டெவல் என்ற மூன்று வகையில் வருகின்றன. டெவல் வகையில் தொகுப்பானும் ஹெடர் கோப்புகளும் உண்டு. அதனால்தான் அது அத்தனை பருமன். ஓட்ட மட்டும் வேண்டுமென்றால் ரன்டைம் போதும். நீங்களே கட்டுவதானால் டெவல் இமேஜில் தொகுத்து, விளைவை மட்டும் ரன்டைம் இமேஜுக்கு எடுத்துச்செல்லும் இரண்டு கட்ட முறையைப் பின்பற்றலாம். இமேஜ்கள் அடுக்கு அடுக்காக இருப்பதால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள அடுக்குகள் மறுபடி இறங்குவதில்லை. இதனால் டாக்கர்ஃபைலில் நூலகங்களை நிறுவும் வரிகளை முதலிலும், அடிக்கடி மாறும் உங்கள் நிரலை நகலெடுக்கும் வரியைக் கடைசியிலும் வையுங்கள். வரிசை மாறினால், ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பைடார்ச் முழுவதும் மறுபடி இறங்கத் தொடங்கும். உங்கள் ஊர் இணையத்தில் அது ஒரு நாள் கூலி.

கேள்வி: விண்டோஸ் 11 கணினியில், லினக்ஸை விண்டோஸுக்குள் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லின் உபுண்டுவுக்குள் லினக்ஸ் டிரைவரை நிறுவினேன். அதன்பின் ஜிபியூவே தெரியவில்லை.
– வள்ளியூர் கணினிப் பயிற்சி மைய உரிமையாளர்

பதில்: டிரைவர் வெளியே என்ற அதே விதிதான், இன்னும் ஒரு சுவர் கூடியிருக்கிறது. டபிள்யூஎஸ்எல் 2-இல் விண்டோஸின் டிரைவரே உபுண்டுவுக்குள்ளும் காட்டப்படுகிறது. உள்ளே லினக்ஸ் டிரைவரை நிறுவினால் அது அந்த நூலகங்களை மறைத்துவிடும். உள்ளே நிறுவியதை நீக்கிவிட்டு, டபிள்யூஎஸ்எல்லை ஒருமுறை முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள். லினக்ஸுக்குச் சொன்னதற்கு மாறாக, விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக ஜிபியூவை நன்றாகவே தருகிறது. பயிற்சிப் படங்களைச் சி டிரைவில் வைத்து உள்ளிருந்து படிக்காமல், உபுண்டுவின் சொந்தக் கோப்பமைப்புக்கே மாற்றிக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டித் தாண்டிப் படிப்பது மிகவும் மெதுவாகும்.

கேள்வி: கல்லூரியில் 12 ஜிபி மெமரியுள்ள ஒரே ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. முப்பது மாணவர்கள். ஆளுக்கொரு கன்டெய்னர் கொடுத்துக் கார்டின் மெமரியைப் பங்கிட்டுவிடலாமா?
– ஆசிரியர், சேரன்மகாதேவி

பதில்: கன்டெய்னர் கொடுக்கலாம், பங்கிட முடியாது. டாக்கரில் ‘மெமரி’ என்று வரம்பு வைத்தால் அது கணினியின் ராம் மெமரிக்குத்தான். கார்டின் மெமரியை அது கட்டுப்படுத்தாது. ஒரு கார்டை வன்பொருள் நிலையிலேயே ஏழு பங்குவரை பிரிக்கும் மிக் என்ற வசதி 2020-இல் வந்த ஏ100 போன்ற பெரிய கார்டுகளில் உண்டு; 3060-இல் இல்லை. முப்பது பேரும் ஒரே கார்டைப் பார்ப்பார்கள். முதலில் வந்தவர் அள்ளிக்கொள்வார். பைடார்ச்சைப் போன்ற டென்சர்ஃப்ளோவில் எழுதுபவர்கள் வகுப்பில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அது தொடங்கியவுடனே கிடைக்கும் மெமரி ஏறத்தாழ முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தேவைக்கேற்ப வளர்த்துக்கொள்ளும்படி அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். பைடார்ச்சில் ஒரு நிரல் இத்தனை பங்குக்குமேல் எடுக்காது என்று எழுதலாம். ஆனால் அது மாணவரின் நல்லெண்ணத்தை நம்பிய ஏற்பாடு. என் யோசனை, சிபியூவில் நிரலைச் சரிபார்த்தவர்கள் மட்டும் நேரம் குறித்துக்கொண்டு கார்டுக்கு வரும்படி ஒரு வரிசை வைப்பது. ரேஷன் கடையில் நடப்பது ஆய்வகத்தில் நடக்காதா என்ன?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களை டாக்கர் குழுவில் சேர்த்தால் அவர்களுக்கு ரூட் அதிகாரம், அதாவது முழு நிர்வாக உரிமை, கொடுத்ததற்குச் சமம். ஹோஸ்டின் முழு வட்டையும் கன்டெய்னருக்குள் இணைத்துக்கொண்டு எதையும் மாற்றலாம். முப்பது பேர் புழங்கும் கணினியில் அது ஆகாது. ரூட் தேவைப்படாத கன்டெய்னர் மென்பொருள்களான பாட்மேனையோ ஆப்டெய்னரையோ பாருங்கள். ஆப்டெய்னரில் ‘என்வி’ என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்தாலே ஜிபியூ தெரியும்; பாட்மேனுக்கு என்விடியா-சிடிகே மூலம் சாதன விவரக் கோப்பு ஒன்றை ஒருமுறை உருவாக்கிவைக்க வேண்டும்.

கேள்வி: பயிற்சி தொடங்கிச் சிறிது நேரத்தில் ‘பஸ் எரர்’ என்று நின்றுவிடுகிறது. ராம் 32 ஜிபி இருக்கிறது. தவிர, கன்டெய்னர் எழுதிய கோப்புகளை என்னால் அழிக்கவும் முடியவில்லை.
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: எத்தனை ஜிபி ராம் இருந்தாலும், டாக்கர் ஒரு கன்டெய்னருக்குத் தரும் பகிர்வு மெமரி இயல்பாக 64 எம்பிதான். தரவை ஏற்றித்தரும் பைடார்ச்சின் டேட்டாலோடர் பல துணைப் பணியாளர்களோடு ஓடும்போது படங்களை அந்த இடத்தின் வழியாகத்தான் கைமாற்றுகிறது. இடம் நிரம்பியதும் நிரல் விழுகிறது. ‘எஸ்எச்எம்-சைஸ்’ விருப்பத்தில் 8 ஜிபி என்று கொடுத்துத் தொடங்குங்கள். அதுவரை பணியாளர் எண்ணிக்கையைச் சுழியமாக்கினாலும் ஓடும், ஆனால் ஜிபியூ பாதி நேரம் சும்மா இருக்கும்.

கோப்புகள் அழியாததற்குக் காரணம், உள்ளே ரூட்டாக ஓடிய நிரல் அவற்றை ரூட்டின் பெயரில் எழுதியிருப்பதே. இப்போதுள்ளவற்றின் உரிமையைச் ‘சூடோ’ மூலம் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முறை தொடங்கும்போது ‘யூசர்’ விருப்பத்தில் உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் கொடுத்துவிட்டால் கோப்புகள் உங்கள் பெயரிலேயே பிறக்கும்.